அல்பாகாவா, லாமாவா? நேரில் பட்டவர்கள் சொல்லுங்கோ

ஒட்டுசுட்டான் ஆட்டுக்காரன்:
சுவிஸில் அக்கா வீட்டுக்குப் போனபோது மருமகன் அல்பாகாவும் லாமாவும் வளர்க்கிற ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனான், இரண்டும் தென்னமெரிக்காவின் ஒட்டகச் சாதி. அதுகளைக் கயிற்றில் பிடித்து மலைப்பாதையில் நடத்தலாம், அதற்குக் காசு. 20 வருசம் ஆடு வளர்த்தவனுக்கு இதென்ன பெரிய காரியம்? கிடாயைப் பிடிக்கிற மாதிரி தலையில் கையை வைத்தேன். காது இரண்டும் பின்னால் மடிந்தது, நாடி மேலே போனது. அவ்வளவுதான் தெரியும். முகமெல்லாம் அரைத்த பச்சைப் புல். மாடு அசைபோடுகிற மணம் இதற்கு முன்னால் சந்தனம்.

"லாமா துப்பிப்போட்டுது!" என்று கத்தினேன். துடைக்கத் துணி தர முதலே பண்ணைக்காரி திருத்தினா, இது அல்பாகாவாம். லாமாவின் காது வாழைப்பழம் மாதிரி நீண்டு வளைந்திருக்கும், இதற்குக் குட்டையாய் ஈட்டி முனை போல. பக்கத்திலேயே ஒரு லாமா நின்றது, தலை என் தலைக்குச் சமம். இன்னொன்று: எல்லாம் ஒரே இடத்தில் போய்த்தான் புழுக்கை போடுதுகள். எங்கள் ஆடுகளுக்கு இதை யார் படிப்பிக்கிறது?

கனகராயன்குளம் தங்கச்சி:
அண்ணை, தலையில் கை வைத்தால் துப்பாமல் கும்பிடுமா? அதுகள் பெரும்பாலும் தீனிச் சண்டையில் தங்களுக்குள்தான் துப்பும். நான் கண்டது கனடாப் பார்சலில் வந்த அல்பாகா சுவெற்றர் மட்டும். இந்த வெயிலுக்கு யாருக்கு வேணும் என்று பெட்டிக்குள் கிடந்தது. மார்கழியில் அப்பப்பா யானைக் காவலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். விடியக் கொட்டிலால் வந்தவரின் தோளில் பனி முத்து முத்தாய் நின்றது. உள்ளே கை விட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. நனைந்த செம்மறி வீச்சமும் இல்லை. லாமாவின் மேல்மயிர் முரடு, கயிறும் சாக்கும் செய்கிறதுக்குத்தான் சரி.

நெடுங்கேணியான்:
ஆட்டுக்காரன் அண்ணைக்கு ஒரு யோசனை. நரிக்கு லாமா வையுங்கோ. அமெரிக்காவில் செம்மறிப் பட்டிக்குள் ஒற்றை லாமாவை விடுகிறார்கள், ஓநாய்ச் சாதி வந்தால் கத்தித் துரத்தும், மிதிக்கும். இரண்டு வைக்கக் கூடாது, அதுகள் சோடி சேர்ந்து ஆட்டை மறந்துவிடும். ஆண் என்றால் நலமடித்தது வேணும். அல்பாகா சரிவராது, 50 முதல் 80 கிலோதான், அதையே நாய் கடித்துப்போடும். லாமா 130 கிலோவுக்கு மேல். பொதியும் சுமக்கும், ஆனால் பாரம் கூடினால் படுத்துவிடும், பிறகு நீங்கள்தான் கெஞ்ச வேணும். அதற்கு முதல் பட்டிக்கு அலம்பல் வேலியை நெருக்கி அடையுங்கோ, குட்டிகளை இரவில் வேறாய்க் கட்டுங்கோ, நாயும்...

ஒட்டுசுட்டான் ஆட்டுக்காரன்:
தம்பி, நான் நரியைப் பற்றி எங்கே கேட்டேன்? அதுகள் அந்தீஸ் மலையில் 3500 மீற்றருக்கு மேலே குளிரில் நிற்கிற சாதி. சித்திரை வெயிலில் எங்கள் எருமையே குளத்தை விட்டு எழும்பாது.

உள்பெட்டியில் படம் கேட்டவர்களுக்கு: மருமகன் எடுத்தது இருக்கிறது. போடமாட்டேன்.