பிப்ரவரியில் கப்பல்: பேயோனிலேயே ஏறுவதா, புளோரிடா போய் ஏறுவதா?

எடிசன்_அப்பா:
பிப்ரவரி பள்ளி விடுமுறை வாரத்தில் ஏழு இரவு பஹாமாஸ் கப்பல் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நாங்கள் இருவர், பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஆக ஐந்து பேர். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பேயோன் கேப் லிபர்ட்டி துறைமுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, விமான நிலையத்தில் அலைய விட மனசில்லை. ஆபீஸிலோ, "குளிர்காலத்தில் நியூ ஜெர்சியிலிருந்து கப்பலா? மயாமி போய் ஏறு" என்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம், பேயோன். நான் மூன்று முறை ஜனவரி, பிப்ரவரியில் போயிருக்கிறேன். 14ஏ எக்ஸிட்டில் இறங்கி, பெட்டிகளை போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஏற வேண்டியதுதான். அம்மாவுக்கு வீல்சேர் கேட்டால் கொடுப்பார்கள்.

கோட்டை மட்டும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கையில் வைத்திருங்கள். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நிற்க வேண்டும். சுதந்திர தேவி சிலை, பின்னால் மன்ஹாட்டன், அப்புறம் வெரசானோ பாலம். உயர் ஓதத்தின்போது தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே 228 அடிதான் இடைவெளி. குயீன் மேரி 2 கப்பலின் புகைபோக்கியையே இந்தப் பாலத்தை மனதில் வைத்துத்தான் குட்டையாக வடிவமைத்தார்கள். பாலம் நெருங்க நெருங்க, இடித்துவிடும் என்றே தோன்றும். என் பெண் ஒவ்வொரு தடவையும் குனிகிறாள்!

வெயில்தேடி:
பாலம் வரைக்கும் சரி. அதற்கப்புறம்? பஹாமாஸ் தலைநகர் நசாவ் இங்கிருந்து சுமார் 950 கடல் மைல். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனாலும் முழுசாக இரண்டு நாள். போக இரண்டு, வர இரண்டு. ஏழு நாள் பயணத்தில் நாலு நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதிலும் முதல் நாள் நீச்சல் குளத்துப் பக்கம் போக முடியாது, காற்று காதை அறுக்கும். உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கும் குளத்தில் கப்பலின் பாதிப் பேர் இருப்பார்கள். நான் போன கப்பலில் அங்கே குழந்தைகளுக்கு அனுமதியும் இல்லை. என் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூடுதல் பணம் கட்டி எடுத்த பால்கனியின் கதவை மூன்றாம் நாள்தான் திறந்தோம். மயாமியில் மாலை ஏறினால் மறுநாள் காலை பஹாமாஸ்.

கப்பல்பித்தன்:
அந்த மூன்றாம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனையைத் தாண்டி வளைகுடா நீரோட்டத்தைக் கடந்ததும் காற்றே மாறிப்போகும். நேற்று வரை காதை மூடிக்கொண்டு நின்ற அதே தளத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுவது ஒரு தனி சுகம். விமானத்தில் போனால் அது கிடையாது. கதவைத் திறந்தால் வெயில், அவ்வளவுதான்.

செலவையும் பாருங்கள். விடுமுறை வாரத்தில் ஐந்து விமான டிக்கெட், கப்பலைத் தவறவிடக் கூடாது என்று முந்தின நாளே போய் ஓட்டலில் இரண்டு அறை. இங்கே ஒரு வார பார்க்கிங் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

வெயில்தேடி:
ஹாட்டரஸ் பெயரை நீங்களே எடுத்தீர்கள். 2016 பிப்ரவரி, இதே பேயோனிலிருந்து கிளம்பிய ஆந்தம் ஆஃப் தி சீஸ் ஞாபகம் இருக்கிறதா? ஹாட்டரஸ் அருகே புயலில் மாட்டியது. மணிக்கு 100 மைலைத் தாண்டிய காற்று, 30 அடி அலை. பயணிகளை அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். புளோரிடாவைக்கூடத் தொடாமல் கப்பல் பேயோனுக்கே திரும்பியது. 2018 ஜனவரியில் நார்வீஜியன் பிரேக்அவே பஹாமாஸிலிருந்து நியூயார்க் திரும்பும் வழியில் குளிர்காலப் புயலுக்குள் புகுந்து வந்தது. அந்தப் பக்கக் கடலுக்கு அட்லாண்டிக்கின் மயானம் என்று பெயர். சும்மா வைக்கவில்லை.

கப்பல்பித்தன்:
2016 பயணிகளுக்கு முழுப் பணமும் திரும்பி வந்தது, அடுத்த பயணத்தில் பாதிக் கட்டணச் சலுகையும் சேர்த்து. 2017இல் அந்த கம்பெனி வானிலை பார்க்கவே தனி நிபுணரை வேலைக்கு வைத்தது. விமானத்தில் போனால் மட்டும் பனி வழி விட்டுவிடுமா? 2022 டிசம்பரில் ஒரே விமான நிறுவனம் 16,000 விமானங்களுக்கு மேல் ரத்து செய்தது. நீங்கள் நெவார்க் விமான நிலைய பெஞ்சில் படுத்திருக்கும்போது உங்கள் கப்பல் மயாமியில் சங்கு ஊதிவிட்டுப் போய்விடும்.

நாகூர்_மாலுமி:
11 வருடம் சரக்குக் கப்பல் இன்ஜின் அறையில் இருந்தவன் என்பதால் நடுவில் வருகிறேன். இருவரும் பாதி சரி.

ஹாட்டரஸ் ஏன் அப்படி என்றால், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் வடக்கின் குளிர்ந்த நீரும் அங்கே சந்திக்கின்றன. குளிர்காலத்தில் நிலத்திலிருந்து வரும் பனிக்காற்று அந்த வெதுவெதுப்பின் மேல் பட்டால் தாழ்வு நிலை மளமளவென்று வலுக்கும். நீரோட்டம் வடக்கே ஓட, காற்று வடக்கிலிருந்து எதிரே அடித்தால் அலை உயரமாக மட்டும் இல்லை, செங்குத்தாகவும் நிற்கும். தினமும் அப்படி இருக்காது. எத்தனையோ தடவை குளம் மாதிரி கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் ஸ்டெபிலைசர் இருக்கிறது என்பார்கள். அது கப்பல் பக்கவாட்டில் உருளுவதைத்தான் அடக்கும், மூக்கு தூக்கிக் குத்துவதை ஒன்றும் செய்யாது. அதனால் பால்கனி, கடல் காட்சி எல்லாம் இரண்டாம்பட்சம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை எடுங்கள். முன்பக்கம் மேலே எடுத்தால் இரவெல்லாம் லிஃப்டில் படுத்த மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு அவோமின் மாதிரி குமட்டல் மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், தூக்கம் வரும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு மட்டும் இருக்கக் கூடாது.

எடிசன்_அப்பா:
மாலுமி சார், ரொம்ப நன்றி. இஞ்சி மரப்பா அம்மா பெட்டியிலேயே இருக்கிறது. நடு அறை, கீழ்த்தளம், பேயோன் என்று மனசு சாய்கிறது. அப்பா அம்மாவுக்கு பத்து வருட விசா. எங்களுக்கு எச்1பி வேலை விசா, அதற்கான ஒப்புதல் கடிதம் ஐ-797 புதுசாக வந்துவிட்டது, அதனால் காகிதப் பிரச்சினை இல்லை.

பழைய_எச்1பி:
நில்லுங்கள். ஐ-797 வந்தது சரி. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டாம்ப் எந்தத் தேதி வரை?

எடிசன்_அப்பா:
அது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. மெக்சிகோ போய்விட்டு அப்படியே வந்தோமே, ஒன்றும் கேட்கவில்லை.

பழைய_எச்1பி:
மெக்சிகோ, கனடா என்றால் 30 நாளுக்குள் திரும்பும்போது, செல்லுபடியாகும் ஐ-94 (தங்க அனுமதித்த பதிவு) இருந்தால், முடிந்துபோன ஸ்டாம்போடு உள்ளே விடும் விதி இருக்கிறது. பக்கத்துத் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே (மாணவர், பரிமாற்றத் திட்ட) விசாக்காரர்களுக்குத்தான். எச்1பிக்கு இல்லை. பஹாமாஸ் தீவுக் கணக்கில் வரும்.

வெயில்தேடி:
நசாவில் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தால்?

பழைய_எச்1பி:
நீங்கள் இறங்காவிட்டாலும் கப்பல் வெளிநாடு போய் வருகிறது. திரும்பி வரும்போது எல்லோரையும் சோதித்துத்தான் விடுவார்கள். வெளிநாட்டுத் துறைமுகம் இல்லாத பயணமாகப் பார்க்கலாம் என்றால் அதுவும் கஷ்டம். இங்கிருந்து போகும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி வேறு நாட்டுக் கொடியில் ஓடுகின்றன. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி அவை அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிக்காட்டிவிட்டு வர முடியாது. முதலில் ஸ்டாம்பிங், அப்புறம் கப்பல். பெரியவர்களுக்கும் பஹாமாஸ் பக்கத்து விதி என்ன என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெயில்தேடி:
அப்படியானால் மயாமியிலிருந்தும் போக முடியாது! நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் எதற்குச் சண்டை போட்டோம்?

எடிசன்_அப்பா:
நல்ல வேளை, முன்பணம் கட்டவில்லை. பையனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கப்பல்பித்தன்:
ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரிக்குக் கூட்டிப் போங்கள். 25 நிமிடம், காசே கிடையாது, சுதந்திர தேவியைத் தாண்டித்தான் போகும். உள்ளே உட்கார இடமும் இருக்கிறது. ஞாயிறு மாலையாகப் பார்த்துப் போனால் பேயோனிலிருந்து ஏதாவது கப்பல் கிளம்புவதையும் காட்டலாம். அடுத்த பிப்ரவரியில் வெயில்தேடியோடு மீதிச் சண்டையை வைத்துக்கொள்கிறேன்.

எடிசன்_அப்பா:
அம்மாவிடம் சொன்னேன். அந்த ஃபெர்ரியில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்கிறார்.