மறுமொழி: ஆக்ஸிலேட்டர் 'வெடுக்'கென இழுப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். பைக்கில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைத் துளி திருகினாலே வண்டி வெடுக்கென இழுக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்வைக்கப்பட்ட ஒரு சொல்:

> குறைவேக முடுக்கத் துலங்கல் சீரின்மை

பொருளில் பிழையில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று இதைச் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். தவிர, மூன்று கோளாறுகளை இது ஒரே மூட்டையாகக் கட்டுகிறது.

திருகினால் வண்டி மூச்சு வாங்கிவிட்டு மெல்ல எழுவது திணறல். இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலோ, காற்று போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ வரும். மிஸ்ஸிங் ஆவதை, அதாவது இன்ஜினில் பெட்ரோல் இடையிடையே எரியாமல் தவறுவதைத்தான் 'வெட்டி வெட்டிப் போகுது' என்கிறார்கள். பெரும்பாலும் ப்ளக்கோ பெட்ரோல் வரத்தோ காரணம். 'வெட்டிழுப்பு' என்று ஒரு நண்பர் சொன்னதை நான் ஏற்காதது இதனால்தான். அந்த 'வெட்டு' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

பெயரில்லாமல் நிற்பது மூன்றாவது. என் வண்டி 200 சிசி, ஒற்றை சிலிண்டர். வேகத்தடை தாண்டி, செகண்ட் கியரில் 20 கி.மீ. வேகம். முழுக்க விட்ட ஆக்ஸிலேட்டரை மயிரிழை திருகுகிறேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று பாய்கிறது. பதறிக் கையை விட்டால் பின்னாலிருக்கும் மனைவியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்'.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கருவியான கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் பைலட் ஜெட் என்ற சிறு துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் ஓடும்போது கையை விட்டால், ஐட்லிங்கைவிட ஆர்பிஎம் போதிய அளவு மேலே இருக்கும்வரை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். மறுபடி திறக்கும்போது எரிதல் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. கேபிளிலும் செயினிலும் தளர்வு இருந்தால் அந்த இடைவெளி முழுவதும் ஒரே அடியில் இறுகும். பாதிக் குற்றம் கணினியுடையது, மீதி இரும்புடையது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கார்புரேட்டர் புது வண்டிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டதால், இந்தச் சொல் இனி அடிக்கடி தேவைப்படும்.

'வெடுக்கெனப் பிடுங்கினான்' என்கிறோமே, அதிலிருந்து வெறும் 'வெடுக்கு' என்று போன மடலில் எழுதியிருந்தேன். யாழ்ப்பாண நண்பர் உடனே மறித்தார்:

> எங்களுக்கு வெடுக்கு எண்டால் மீன் மணம். வண்டி வெடுக்கு எண்டால் சந்தைக்குப் போய் வந்த சைக்கிள் எண்டுதான் நினைப்பம்.

சிரித்து முடித்தபின் யோசித்தால் அவர் சொல்வது நியாயம். அவர்கள் பக்கம் வெடுக்குநாறி என்று ஒரு மலையே இருக்கிறது. எனவே இழுப்பைச் சேர்த்து 'வெடுக்கிழுப்பு' என்கிறேன். மீனுக்கு இழுப்பு கிடையாது.

'வலிப்பு நோயை நினைவூட்டுகிறது' என்று ஐயா ஒருவர் தயங்கியிருந்தார். தனி 'இழுப்பு' அப்படித்தான் ஒலிக்கும். முன்னால் 'வெடுக்கு' நிற்கையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நேற்று மெக்கானிக்கிடமே சோதித்தேன்.

"அண்ணே, செகண்ட் கியர்ல வெடுக்கிழுப்பா இருக்கு."

"விட்டுப் புடிக்கும்போதா சார்?" என்றபடி ஆக்ஸிலேட்டர் பிடியை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைத்தார். அரை அங்குலத்துக்குச் சும்மா ஆடியது. என் வண்டிக் கையேட்டில் இந்தத் தளர்வு 2 முதல் 4 மி.மீ. என்றிருக்கிறது. ப்ளக்கை அவர் தொடவே இல்லை.