ஒஷாவா ஜெனரல்ஸ் இரட்டைக் கோப்பை வென்ற 2014-15 சீசன்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அப்போது நான் ஏஜாக்ஸில் இருந்தேன். ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்கு, அதாவது பெரிய தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல் ஆட்டத்துக்கு, குடும்பமாகப் போவதென்றால் வீட்டுக்கடன் தவணையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். இளையோர் ஆடும் ஒன்ராரியோ ஹொக்கி லீக் (ஓஎச்எல்) அப்படியில்லை. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே கொஞ்ச நேர ஓட்டம், ஒஷாவாவில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருக்கை. விளையாடுகிறவர்கள் 16 முதல் 20 வயது வரையான பெடியன்கள். பலர் சொந்த ஊரை விட்டு வந்து, இன்னொரு குடும்பத்தின் வீட்டில் தங்கி விளையாடுகிறவர்கள்.

அந்த வருடம் வாயைத் திறந்தால் அதே லீக்கில் ஆடிய ஈரி ஓட்டர்ஸ் அணியின் நட்சத்திரம் கானர் மக்டேவிட் பேச்சுத்தான். நவம்பரில் ஒரு சண்டையில் கை முறிந்து பல வாரங்கள் ஆடவில்லை. அப்படியிருந்தும் 47 ஆட்டங்களில் 120 புள்ளிகள் (போட்ட கோலுக்கும், கோலுக்குக் கொடுத்த பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி). ஓஎச்எல் கோப்பைக்கான இறுதித் தொடரில் ஈரியும் ஒஷாவாவும் மோதின. என் மகன் ஒஷாவாத் தொப்பி போட்டுக்கொண்டு மக்டேவிட்டைப் பார்க்க வந்தான்!

நான் பார்த்தது வேறு. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, சொந்த மைதான அணிக்குத்தான் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை. எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டு நம் ஆட்களை அனுப்பலாம். ஒஷாவா பயிற்சியாளர் டி.ஜே. ஸ்மித் அதை வைத்தே தொடரை ஆடினார். மக்டேவிட் பனியில் கால் வைத்தால் ஒஷாவாவின் கோல் காசெல்ஸும் (கோல் என்பது அவன் பெயர்) இறங்கிவிடுவான். முன்னாள் என்எச்எல் வீரர் ஆண்ட்ரூ காசெல்ஸின் மகன். இடித்து விழுத்துவதைவிட, மக்டேவிட் வேகமெடுக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் அவன் வேலை. தொலைக்காட்சி பக் என்கிற அந்த ரப்பர் வட்டின் பின்னாலேயே ஓடும், இதெல்லாம் சரியாகத் தெரியாது. ஈரியில் அந்த உரிமை எதிரணிக்கு. அங்கேயும் ஒஷாவா வென்றது; தொடர் 4-1.

பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றின் சிறந்த வீரர் விருது தோற்ற மக்டேவிட்டுக்கே போனது. 20 ஆட்டத்தில் 49 புள்ளி எடுத்தவனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? சரிதான். ஆனாலும் அன்று எனக்கு எரிச்சல்.

*

அண்ணை, காசெல்ஸைச் சொன்னீர்கள், ஒஷாவாவின் அந்தோனி சிரெல்லியை விட்டுவிட்டீர்களே. நான் ஸ்காபரோ. என் மகனும் சின்ன வயதில் லீக் ஹொக்கி விளையாடியவன், அதனால் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் ஓஎச்எல் வீரர் தெரிவு நாளில் பெற்றோர் படும் பாடு தெரியும். 20 அணிகள், 15 சுற்றுகள். அத்தனையிலும் சிரெல்லியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு ஒஷாவா முகாமுக்குப் போய் இடம் பிடித்தவன்.

மே 31, கியூபெக் நகரில் மெமோரியல் கோப்பை (கனடாவின் பெரிய இளையோர் லீக்குகளின் சம்பியன்கள் மோதும் கோப்பை) இறுதி ஆட்டம், எதிரே கெலோனா ராக்கெட்ஸ். 2-1, கூடுதல் நேரத்தில் வெற்றி. இரண்டு கோலும் சிரெல்லி. எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போனது, யாரும் எழும்பவில்லை. பிறகு டாம்பா பே லைட்னிங் அணியுடன் என்எச்எல்லின் ஸ்ரான்லி கோப்பையையும் இரண்டு முறை வென்றுவிட்டான். அந்தத் தெரிவு நாளில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தவர்களை நினைத்தால் சிரிப்புத்தான்.

*

லண்டனிலிருந்து எழுதுகிறேன். ஒன்ராரியோ லண்டன்தான், ஊரில் உறவினர்கள் இன்னும் குழம்புகிறார்கள். எங்களுக்கு அந்த சீசனின் வலி வேறு. லண்டன் நைட்ஸின் மிட்ச் மார்னர் 126 புள்ளிகளுடன் லீக்கின் வீரர் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில். கடைசி நாளில் ஈரியின் டிலன் ஸ்ட்ரோம் ஒரே ஆட்டத்தில் ஆறு புள்ளி எடுத்து 129-க்குப் போய்விட்டான். மக்டேவிட் காயத்தால் இத்தனை ஆட்டம் தவறவிட்டிருக்காவிட்டால் இருவருக்குமே அந்த இடம் கிடைத்திருக்காது என்பது என் கணக்கு.

டிசம்பரில் பொம்மை எறிகிற ஆட்டத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா? சொந்த அணி முதல் கோல் போட்டதும் பனி முழுக்கக் கரடிப் பொம்மைகள் வந்து விழும், தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். என் மகள் கொண்டுவந்ததை எறிய மறுத்து மடியில் வைத்திருந்தாள். பிறகு வாசலில் இருந்த பெட்டியில் வேறொன்று வாங்கிப் போட்டோம்.

*

தம்பி, சிரெல்லியை மறக்கவில்லை, உங்களுக்காக விட்டுவைத்தேன். இன்னொன்று: மெமோரியல் கோப்பையிலும் சிறந்த வீரர் விருது தோற்ற அணிக்கே போனது, கெலோனாவின் லியோன் ட்ரைசைட்டிலுக்கு. அவனும் மக்டேவிட்டும் பிறகு ஒன்றாக ஆடியது எட்மன்டனின் என்எச்எல் அணியில். எட்மன்டனில் இருக்கும் என் மச்சான் இருவரையும் பற்றிப் பெருமை பேசத் தொடங்கினால், இரண்டு பேரையும் ஒரே மாதத்தில் ஒஷாவா தோற்கடித்த கதையை எடுத்துவிடுவேன். உடனே தொலைபேசியை அக்காவிடம் கொடுத்துவிடுவார்.