சாக்லேட், காரமெல், வேர்க்கடலை அடுக்கு மூஸ் கேக்: ஜெலட்டின் இல்லாமல் நிற்குமா?

அடுக்களைப்பூ (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சித்திரைக் கடைசியில் என் மகளின் பிறந்தநாள் வருகிறது. அடியில் சாக்லேட் கேக், அதன்மேல் வேர்க்கடலை கலந்த காரமெல், அதற்கு மேல் வேர்க்கடலை மூஸ் (அடித்த கிரீம் கலந்த, நுரைபோல மென்மையான இனிப்பு), உச்சியில் சாக்லேட் மூஸ் என்று நான்கு அடுக்குள்ள கேக்கை வீட்டிலேயே செய்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். என் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால் ஜெலட்டினும் கூடாது. பேத்தியின் கேக்கில் அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தே தீர வேண்டும் என்பது என் ஆசை.

முட்டையில்லாத கேக் எனக்குப் பழக்கமானது, மூஸ்தான் புதிது. ஜெலட்டினுக்குப் பதிலாக சைனா கிராஸ் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர்) சேர்த்தால் வேர்க்கடலை மூஸ் இறுகுமா? வெட்டும்போது வழிந்தோடாமலும், அதே சமயம் பல்லில் ஒட்டும் மிட்டாயாக மாறிவிடாமலும் காரமெலை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை அடுமனை:

வணக்கம் சகோதரி. ஜெலட்டின் இல்லாமல் தாராளமாகச் செய்யலாம், ஆனால் சைனா கிராஸ் இதற்கு ஏற்றதல்ல. அது கரைய வேண்டுமானால் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஆறி 35, 40 டிகிரி செல்சியஸுக்கு வந்ததுமே இறுகத் தொடங்கிவிடும். குளிர்ந்த கிரீமோடு சேரும் அந்த நொடியிலேயே அது திரிதிரியாக உறைந்துபோவதால், மூஸின் வழவழப்பு கெட்டுவிடும்.

சாக்லேட் மூஸுக்கு எதுவுமே சேர்க்க வேண்டியதில்லை. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகி, குளிர்ந்தால் உறுதியாக உறையும் கொழுப்பு என்பதால், அடித்த கிரீமை அதுவே பிடித்து நிறுத்திவிடும். வேர்க்கடலையிலும் ஏறக்குறையப் பாதி எடை எண்ணெய்தான் என்றாலும், கடலை எண்ணெய் அப்படி உறைவதில்லை. ஆகவே அந்த அடுக்குக்கு வெள்ளைச் சாக்லேட்டின் துணை தேவைப்படுகிறது. வெள்ளைச் சாக்லேட்டில் குறைந்தது 20 சதவீதம் கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தர விதி. கடைகளில் ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் கட்டிகளில் அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பே இருக்கும் என்பதால், உறையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து, ‘கோகோ பட்டர்’ என்று இருப்பதையே வாங்குங்கள்.

20 சென்டிமீட்டர் வளையத்துக்கான (அடுக்குகளை உள்ளே அடுக்கும், அடிப்பாகமில்லாத கேக் அச்சு) அளவைச் சொல்கிறேன். 100 கிராம் வெள்ளைச் சாக்லேட்டை 60 மில்லி சூடான பாலில் கரைத்து, அதில் 120 கிராம் வழவழப்பான, இனிப்பில்லாத வேர்க்கடலை வெண்ணெயையும் ஒரு சிட்டிகை உப்பையும் கலந்து, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, அடித்த 200 மில்லி கிரீமை மூன்று தடவையாகச் சேர்த்து மெதுவாகப் புரட்ட வேண்டும். சாக்லேட் மூஸுக்கு 150 கிராம் டார்க் சாக்லேட், அதைக் கரைக்க 100 மில்லி சூடான கிரீம், பிறகு அடித்துச் சேர்க்க 200 மில்லி கிரீம். இரண்டிலும் முக்கியமானது சூடுதான். உருகிய கலவை 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு துளியை உதட்டுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது. அதைவிடச் சூடாக இருந்தால் கிரீம் இளகி அமுங்கும். ஆறிப்போயிருந்தால் சாக்லேட் பொடிப்பொடியாக உறைந்து நாக்கில் மண்போல நெருடும்.

கிரீமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபிரெஷ் கிரீம்’ என்று வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் அது எழும்பி நிற்காது. 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீமைத் தேடிப் பிடியுங்கள். தாவரக் கொழுப்பில் செய்த இனிப்பு கிரீம் வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மேலண்ணத்தில் படலமாக ஒட்டிக்கொண்டு வேர்க்கடலையின் மணத்தையே மறைத்துவிடுகிறது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சித்திரை வெயிலில் கிரீமையும் கிண்ணத்தையும் நன்றாகக் குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் வைத்த தட்டின்மேல் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். தூக்கினால் நுனி வளைந்து சாயும் நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்த கிரீம், புரட்டும்போதே வெண்ணெயாகத் திரளத் தொடங்கும்.

பாகுப்பதம்:

காரமெலைப் பற்றி நான் சொல்கிறேன். அடிகனமான, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிரீமை ஊற்றியதும் கலவை பொங்கி மேலே வரும், அந்த ஆவி கையைப் பொசுக்கிவிடும். 150 கிராம் சர்க்கரையை மூன்று தேக்கரண்டித் தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். சாறு சேர்த்தால் பாகு பூத்து, மறுபடி சர்க்கரைப் படிகமாகிவிடாது. கொதி வந்த பிறகு கரண்டியே போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறினால் பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.

தேன் நிறத்தில் இறக்கினால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். செம்பு நிறம் வந்து, புகை எழும்புவதற்குச் சற்று முன்னால், மூக்கில் மெல்லிய கசப்பு மணம் ஏறும். அப்போது அடுப்பை அணைத்து, சூடாக்கி வைத்த 120 மில்லி கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றி, 60 கிராம் வெண்ணெயையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் சேருங்கள். மேலே இரண்டு இனிப்பு மூஸ் வரப்போவதால் இந்தக் கசப்பும் உப்பும் இல்லாவிட்டால் கேக் திகட்டிவிடும்.

மறுபடி அடுப்பில் வைத்து 106 முதல் 108 டிகிரி வரை காய்ச்சி இறக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால் அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோலத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சொட்டு கரைந்து பரவாமல் அடியில் திரண்டு, விரலால் வழித்தால் மெத்தென்று வந்து, உருட்டப் போனால் நிற்காமல் தளர்ந்துவிட வேண்டும். உருண்டையாக உருட்ட வந்துவிட்டால் அது மிட்டாய்ப் பதம். இன்னும் இரண்டு கரண்டி கிரீம் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 80 கிராமை அதில் கலந்து, இளஞ்சூட்டுக்கு ஆறிய பிறகு கேக்கின் மேல் பரப்புங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடம் விடுவது அவசியம். அந்த இடத்தை மூஸ் நிரப்பிக்கொண்டு காரமெலை உள்ளேயே அடைத்து வைக்கும். விளிம்புவரை பரப்பினால் வளையத்தை எடுத்ததும் பக்கவாட்டில் கசியும்.

கரிசல்காடு:

வேர்க்கடலையைக் கடையில் வறுத்ததாக வாங்காமல், நடுத்தரத் தீயில் நீங்களே நிதானமாக வறுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்தால் உட்புறமும் இளம்பொன் நிறமாக இருக்க வேண்டும். அதில் ஒரு பங்கை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் முதலில் பொடியாகி, பிறகு கட்டிபிடித்து, கடைசியில் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். வேர்க்கடலை வெண்ணெயைத் தனியாக வாங்கவே தேவையில்லை.

நான்கு அடுக்குமே மெத்தென்று இருப்பதால் நறநறவென்று ஏதாவது கடிபட வேண்டும். எங்கள் பக்கத்துக் கடலைமிட்டாயைப் பொடித்து நடுவில் தூவலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வெல்லம் ஈரத்தை இழுத்து இளகிவிடும் என்பதால், பொடியை உருக்கிய சாக்லேட்டில் புரட்டி, உலரவிட்டு, உடைத்துப் பயன்படுத்துங்கள். சாக்லேட் பூச்சு இருந்தால் மறுநாளும் மொறுமொறுப்புக் குறையாது.

விருந்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேக்கில் வேர்க்கடலை இருப்பதை முன்கூட்டியே தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இந்த ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையானது.

அடுக்களைப்பூ:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடலைமிட்டாய் யோசனையைக் கேட்டதுமே மாமியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. விருந்து மாலை ஆறு மணிக்கு. எந்த வேலையை எப்போது தொடங்குவது?

கோவை அடுமனை:

இரண்டு நாள் முன்பாகவே கேக்கைச் சுட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி வைத்துவிடுங்கள். முதல் நாள் மதியம் வளையத்தின் உட்புறத்தில் அசிடேட் ஷீட்டை (கேக் ஒட்டாமல் வரப் பயன்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) சுற்றி, கேக்கை வைத்து, காரமெலைப் பரப்பி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு வேர்க்கடலை மூஸ், அதன்மேல் கடலைமிட்டாய்த் தூள், மீண்டும் ஃப்ரீசர். அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் சாக்லேட் மூஸ். ஒன்று இறுகுவதற்கு முன் அடுத்ததை ஊற்றினால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இரவு முழுவதும் ஃப்ரீசரில் இருக்கட்டும். பிறந்தநாள் காலையில், உறைந்த நிலையிலேயே வளையத்தையும் ஷீட்டையும் உருவி எடுத்துவிட்டு, மாலைவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் நிதானமாக இளகும். மாலையிலும் கூடத்தின் சூடு 34 டிகிரியை நெருங்கியிருக்கும் என்பதால், எல்லோரும் கூடிய பிறகே கேக்கை வெளியே கொண்டுவந்து, பத்து நிமிடத்துக்குள் வெட்டிவிடுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தில் கீழே இறக்குங்கள். காரமெல் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படியே செய்தால்தான் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.