‘திற’ போதவில்லை, ‘திறப்பி’ சரியா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

உயர்தர வகுப்புக்கான பைதன் நிரல்மொழிக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். ஓபன்() கட்டளைக்குத் ‘திற’ என்று எழுதியிருந்தேன். பிள்ளை ஒருத்தி அதில் பிடிஎஃப் கோப்பொன்றைக் கொடுத்துவிட்டு, “சேர், திறந்தாச்சு, ஒன்றும் தெரியுதில்லையே” என்றாள். பிழை அவளுடையதல்ல. அங்கே செய்நிரலே கோப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறது. திரைக்கு ஒன்றும் வராது. பைதனின் இன்னொரு கட்டளையான ஓஎஸ்.ஸ்டார்ட்ஃபைல்() அப்படியல்ல. கோப்பை விண்டோசிடம் ஒப்படைக்கிறது. அந்த வகைக் கோப்புக்கென்று கணினியில் குறித்து வைத்திருக்கும் செயலியை விண்டோஸ் எழுப்புகிறது. லினக்சில் எக்ஸ்டிஜி-ஓபன் என்ற கட்டளை செய்யும் வேலையும் இதுதான். இரண்டுக்கும் ‘திற’ என்றால் வகுப்பு குழம்பும். இரண்டாவதைத் ‘திறப்பி’ என்போமா? கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறப்பவர் பூசகரான கட்டாடியார், திறப்பிப்பது ஊர்.

காரைதீவிலிருந்து:

தம்பி, கற்பி, நடப்பி போல நல்ல பிறவினை. எனக்கு உடன்பாடு. ஆனால் அந்த வகைக்கென்று குறித்த செயலியை ஆங்கிலத்தில் டிஃபால்ட் என்பார்களே, அதற்குத் தமிழ் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ‘கொடாநிலை’ என்று எழுதுங்கள். கொடா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பயனர் வேறு கட்டளை கொடாதபோது நிற்கும் நிலை. 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு டிஃபால்ட் என்று எழுத எனக்குக் கை வராது.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயா, கொடாநிலை என்று கரும்பலகையில் எழுதினால் பதவுரை சொல்லவே பாடவேளை முடிந்துவிடும். ‘வழமைச் செயலி’ போதும். வழமை எங்கள் எல்லோர் வாயிலும் உள்ள சொல். சேர், திறப்பியிலும் ஒரு பயம் இருக்கிறது. எங்கள் பக்கம் திறப்பு என்றால் பூட்டுக்குரிய சாவி. கடவுச்சொல் போட்ட கோப்பைத் திறக்கும் கட்டளை என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால்?

காரைதீவிலிருந்து:

வழமை பலமுறை செய்து வருவது. புதுக் கணினியில் ஒருநாளும் தொடாத செயலியும் டிஃபால்ட்டாக இருக்குமே, அது எப்படி வழமையாகும்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

ஐயா சொல்வது நியாயம். ஆனாலும் நேற்று வகுப்பில் கேட்டேன். வழமைச் செயலி என்றதும் பிள்ளைகளுக்கு விளங்கிற்று. குறிப்பில் ‘வழமைச் செயலியில் திறப்பித்தல்’ என்று முழுதாகப் போடுகிறேன், பூட்டு நினைவு வராது. கொடாநிலை அடிக்குறிப்பில் வரும்.

காரைதீவிலிருந்து:

சரி தம்பி. அடிக்குறிப்பில் அந்தப் பெயரெச்ச விளக்கத்தையும் சேருங்கள். எனக்கு வழமையில் இன்னும் உடன்பாடில்லை.