காற்று சீட் கீழே இடிக்கிறது, ஏற்றி வைத்தால் மேலே தட்டுகிறது. கோளாறு எங்கே?

டிரெய்லர்வாசி:
வணக்கம். டிரெய்லர் ஓட்டுகிறேன், சீட் ஏர் சஸ்பென்ஷன் வகை. கொஞ்ச நாளாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினாலே சீட் அடிவரை போய் 'டங்' என்று இடிக்கிறது. பட்டனை அழுத்திக் காற்று ஏற்றினேன். கீழே இடிப்பது குறைந்தது, ஆனால் இப்போது மேலே போய்த் தட்டித் தூக்கிப் போடுகிறது. இரவு நிறுத்தினால் காலையில் சீட் முழுசாக அமுங்கிக் கிடக்கிறது. என்ஜின் போட்டதும் எழுந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் முழு சீட்டையே மாற்றச் சொல்கிறார்கள். பெல்லோ, அதாவது சீட்டுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பை, அதை மட்டும் மாற்றினால் போதாதா?

சீட்மெக்கானிக்:
அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள் தம்பி. இதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது.

காலையில் அமுங்கிக் கிடப்பது காற்றுக் கசிவு. முதலில் டேஷ்போர்டில் காற்று மீட்டரைப் பாருங்கள். டேங்கே காலியாகியிருந்தால் கசிவு வண்டி லைனில். டேங்கில் காற்று இருந்தும் சீட் இறங்கினால் சீட்டுக்குள்தான். சோப்புத் தண்ணீரை பைப் இணைப்புகள், உயர வால்வு, பெல்லோவின் மடிப்புகள் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வரும் இடத்தைப் பிடித்துவிடலாம். சீட்டோடு ஏறி இறங்கும் கத்தரி மாதிரியான இரும்புச் சட்டத்துக்குள் கை விடும் முன் நடுவில் கனமான மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். திடீரென்று இறங்கினால் விரல் போய்விடும்.

இடிப்பது வேறு கதை. பெல்லோ உங்கள் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். ஆட்டத்தை அடக்குவது அதன் பக்கத்தில் சாய்வாக இருக்கும் டேம்பர். அது தேய்ந்தால் காற்றை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் ஏதாவது ஒரு முனையில் தட்டத்தான் செய்யும். சீட்டை நடு உயரத்தில் வைத்து, கையால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரு தரம் ஆடி நின்றால் நல்லது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் டேம்பர் போச்சு. அதன் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதிர்வுப்பிரியன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டத்துக்குத்தான் அதிகம் கஷ்டப்படும். அதனால் இந்த சீட்டுகளின் சொந்த ஆட்டத்தை (அழுத்தி விட்டால் தானாக ஆடும் வேகத்தை) நொடிக்கு 1–2 தடவைக்குள் இருக்கும்படி அமைக்கிறார்கள். அதைவிட வேகமான அதிர்வை சீட் வடிகட்டிவிடும். ஆனால் மேடுபள்ளத்தில் வண்டியே அதே மெதுவான வேகத்தில் ஆடினால், சீட் குறைப்பதற்குப் பதில் பெருக்கும். டேம்பர் செத்தால் அந்தப் பெருக்கம் கட்டுக்கடங்காது. உங்களுக்கு நடப்பது இதுதான் என்று தோன்றுகிறது. உயரத்தை நடுவில் வையுங்கள். மேலும் கீழும் சம இடம் இருந்தால்தான் சீட் வேலை செய்யும்.

டிராக்டர்தாத்தா:
எனக்கு ஸ்பிரிங் சீட். கீழே இடிக்கிறதே என்று ஒரு ஸ்பாஞ்சு தலையணை போட்டேன். வலி போகவில்லை.

சீட்மெக்கானிக்:
ஐயா, தலையணை உங்களை உயர்த்தும், பெடல் எட்டாது. ஸ்பாஞ்சு மெத்தென்று இருக்குமே தவிர மெதுவான ஆட்டத்தை நிறுத்தாது. எடைக் குமிழைத் திருப்பி, முள் உங்கள் கிலோவுக்கு வருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும், காலி சீட்டில் அல்ல.

டிரெய்லர்வாசி:
பார்த்தேன் அண்ணே. டேங்கில் காற்று இருந்தது. வால்வுக்கு வரும் பைப்பின் முனையில் குமிழி. நுனியை நேராக வெட்டித் திரும்பச் செருகியதும் கசிவு நின்றது, காலையில் சீட் அப்படியே நிற்கிறது. டேம்பரில் எண்ணெய் வழிந்திருக்கிறது, அழுத்தி விட்டால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பெல்லோவில் கீறல் இல்லை. டேம்பர் வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

சீட்மெக்கானிக்:
சீட் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கையில் எடுத்துப் போய், முழுதும் நீட்டிய நீளம், முழுதும் அமுக்கிய நீளம், இரு முனை ஓட்டையின் அளவு மூன்றையும் ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் கத்தரி முழுதாக மடங்காது. கழற்றும்போதே புஷ்களையும் (இணைப்பு ஓட்டைகளுக்குள் இருக்கும் வளையங்கள்) ஆட்டிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அதே வேலையோடு மாற்றிவிடலாம். வரும் வரை மேடுகளில் வேகத்தைக் குறையுங்கள். டேம்பிங் லீவர் இருந்தால் கடினமான பக்கம் தள்ளி வையுங்கள், கொஞ்சம் தாங்கும்.