விமானத்தில் ஏது புவி? 'மீள்கம்பி'க்கு என் வாக்கு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கட்டும் விமானங்களுக்காக நாம் எழுதும் தமிழ்க் கையேட்டில், தொட்டியில் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று அறியும் கருவிக்கு 'மட்ட உணரி' என்ற சொல்லை வைப்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை, அது நிலைக்கட்டும். ஆனால் ஆற்காட்டு ஐயா அனுப்பிய மின்சுற்றுக் குறிப்பில், அந்த உணரியிலிருந்து மின்சாரம் திரும்பும் கம்பிக்குப் 'புவித்தொடுப்பு' (எர்த்) என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காட்பாடி சாலையில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் 'பாடி எர்த்' என்பார். லாரிக்கு அது போதும். இரும்புச் சட்டமே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி. வீட்டிலேயே கட்டும் விமானங்களில் பல கண்ணாடியிழை உடல் கொண்டவை. அந்த உடலில் மின்சாரம் ஓடாது. உணரிக்குத் தனிக் கம்பி இழுத்தே ஆக வேண்டும். 'புவித்தொடுப்பு' என்று படிக்கிற பையன், கைக்கு எட்டிய உலோகத் துண்டில் அதை முடுக்கிவிட்டுப் போய்விடுவான்.

போனால் என்ன? மிதவை உணரியில் ஒரு வகை, தொட்டி காலியானால் 240 ஓம், நிரம்பினால் 33 ஓம் காட்டும். பெயின்டைச் சுரண்டாமல் வளைய முனையை அப்படியே வைத்து முடுக்கியதால் 10 ஓம் தடை கூடிவிட்டது என்று கொள்வோம். நிரம்பிய தொட்டியில் 33 என்பது 43 ஆகும். எரிபொருள் அளவைக் காட்டும் முள் சற்றுக் கீழே நிற்கும். குறைத்துக் காட்டுவதால் பெரிய ஆபத்தில்லை. இன்னொரு வகை இதற்கு நேர்மாறு: காலியில் 10 ஓம், நிரம்பினால் 180. அங்கே அதே பழுது, காலித் தொட்டியில் 10-ஐ 20 ஆக்கி, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். கம்பி அறுந்தே போனால் முள் நிரம்பிய பக்கம் சாய்ந்துவிடும். மேலே பறப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. எரிபொருள் பம்பும் அதே கம்பி வழியாகத் திரும்பினால் இன்னொரு தொல்லை: பம்ப் ஓடும்போதெல்லாம் முள் இடம் மாறும்.

வாலாஜா நண்பர் சொன்ன 'எதிர்முனைக் கம்பி' இதைவிட மேல். ஆனாலும் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையைத்தான் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். முனையின் பெயரைச் சொல்லில் கட்டினால் அங்கே பொருந்தாது. 'மீள்கம்பி' என்றால் அதன் வேலை தெரிகிறது. இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வியும் கூடவே எழும். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும்.

புவித்தொடுப்பைக் கைவிடச் சொல்லவில்லை. பெட்ரோல் நிரப்புமுன் நிலைமின்னை இறக்க, மண்ணில் அறைந்த கம்பியோடு விமானத்தைச் சேர்க்கிறோமே, அதுதான் புவித்தொடுப்பு. தொட்டிக் கழுத்து, மூடி, குழாய் என உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று இணைப்பது 'பிணைப்பு'. மூன்று வேலைக்கும் 'எர்த்' என்ற ஒரே சொல் பட்டறையில் ஓடலாம். நாம் எழுதும் கையேட்டில் ஓடக் கூடாது.

மீள்கம்பிகள் எல்லாம் எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரருகே வந்து சேரும் பித்தளைத் தகட்டுக்கு 'மீள்கூடல்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ராணிப்பேட்டைப் பட்டறையிலோ, "எது கூடுகிறது?" என்று கேட்டார்கள். 'மீள்தகடு' போதுமா, அல்லது வேறு நல்ல சொல் இருக்கிறதா? எழுதுங்கள். வரைபடம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து